மெதுவான மிஷின்

"உங்க ஒருத்தரால மொத்தக் கம்பெனியும் நிக்குது!"

மேனேஜர் மேஜையைத் தட்டினார். எதிரே உட்கார்ந்திருந்தவளை ஆபீஸில் எல்லோரும் 'ஆமை அக்கா' என்பார்கள். கம்பெனி தயாரிக்கும், நோயாளிகளுக்கு மூச்சு கொடுக்கும் வென்டிலேட்டர் மிஷினுக்குள் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல் ப்ரோகிராம் அவள் பொறுப்பு.

"நாம எழுதுற ப்ரோகிராமைக் கம்பைலர் சாஃப்ட்வேர் சுருக்கி வேகமாக்கித் தருது. அந்த வசதியை ஏன் அணைச்சு வச்சிருக்கீங்க?"

"சுருக்குறப்போ எந்த இடத்துல என்ன நடந்துச்சுங்கிற தடத்தையெல்லாம் அழிச்சிடுது சார். போன மாசம் டெஸ்ட்ல வேகமான கெர்னல் திடீர்னு நின்னுடுச்சு. ஏன்னு உள்ளே தேடினா ஒண்ணுமே மிஞ்சலை. மெதுவா ஓடுறது ஒரு தடவைகூட நின்னதில்லை. காரணம் தெரியிற வரைக்கும்..."

"அதுவரைக்கும் ஆமை முன்னாடி நடக்கும், நாம பின்னாடி போகணும்!" என்றான் பக்கத்து சீட்காரன். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "அது ஒருத்தரோட மூச்சு சார்."

"நின்னது டெஸ்ட்லதானே? ஆஸ்பத்திரியிலயா நின்னுச்சு? பட்டனைத் தொட்டதும் திரை மாறலைன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற கம்பெனிக்குப் போயிடுவாங்க."

அவருடைய போன் அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். மறுபடியும் அதிர்ந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற எல்லா மிஷின்லயும் வேகமான கெர்னல்தான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கிறேன்."

வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். சரி என்று தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் பேக்கிங் அறையில் கடைசி மிஷினில் வேகமான கெர்னலை ஏற்ற அவள் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா..."

'ஆமை'யை விட்டுவிட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எங்க அப்பாவை இந்த மிஷினெல்லாம் போற ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்கோம். மூச்சு விடவே முடியலையாம். நாளைக்கு நம்ம புது மிஷின்லதான் வைக்கப் போறாங்க."

"அய்யோ, கடவுளே."

"இந்த ஒண்ணுல மட்டும் உங்க மெதுவான கெர்னலையே போட்டுடுங்க. நானே கையோட எடுத்துட்டுப் போறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் ஒயரைப் பிடித்தபடியே சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"மத்ததுல சார்?"

அவர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளியே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேகமாவே இருக்கட்டும்."