காலை ஏழு மணிப் படம்

தினமும் காலை ஏழு மணிக்கு வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து, மெஷினைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். மாத்திரை போட்டு அளவு குறைந்தால்தான் பஸ்ஸைத் தொடலாம் என்று கம்பெனி டாக்டர் டிரைவரிடம் சொல்லியிருந்தார்.

பத்து நாளும் நூற்றைம்பதுக்குக் குறையவில்லை. பதினோராம் நாள் டிரைவர் மெஷினோடு நேரில் வந்தார். கூடவே பதினான்கு வயது மகள்.

“பாப்பாவுக்கு என்னய்யா?”

“பல் விளக்கினா ஈறுல ரத்தம் வருதாம் சார், நேத்துதான் சொன்னா. அடுத்து பல் டாக்டர்கிட்டதான் போறோம். முதல்ல என் பொழப்பைப் பாருங்க. இந்த மெஷின் ஓட்டை சார்.”

டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றினார். நூற்று இருபத்துநாலு. டிரைவரின் மெஷினும் அதையே காட்டியது.

“மெஷின் நல்லாத்தான்யா இருக்கு. மாத்திரை வேலை செஞ்சிருக்கு. நாளைக்கே வண்டி எடு!”

டிரைவர் சிரிக்கவில்லை. மகளையே பார்த்தார்.

“சின்னப் புள்ள, கம்மியாத்தான் காட்டும்னு தினமும் இவ கையிலதான் சார் சுத்தினேன். இவளுக்கே இவ்வளவுன்னா எனக்கு எவ்வளவு இருக்குமோன்னு பயந்து, என் கையில வைக்கவே இல்ல.”

டாக்டர் பட்டையைக் கழற்றினார்.

“நீ வந்து உக்காரும்மா. ஈறு கெடுறதும் பிரஷர் ஏறுறதும் சில பிள்ளைங்களுக்குச் சேர்ந்தே வரும். எத்தனை நாளா ரத்தம் வருது?”

“ஒரு வருஷமா சார். சொன்னா அப்பாவுக்குப் பிரஷர் ஏறிடும்னு சொல்லல.”