இடுப்பு ஊசி

திருவிழா பேனரைக் கிழித்தது யார் என்று இரண்டு தெரு ஆண்களும் கட்டையோடு நின்றார்கள். இந்தத் தெருவின் முதல் அடி எப்போதும் செங்கோடனுடையதுதான். ஆனால் புராஸ்டேட் புற்றுநோய்க்காக, ஆண் ஹார்மோனை அடக்கும் இடுப்பு ஊசி போட்டிருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மீசையை முறுக்கிப் பார்த்தார். கோபம் வரவில்லை, குப்பென்று வியர்த்ததுதான் மிச்சம்.

“போடுங்கண்ணா, ஒரே போடு!” என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். எதிர்த்தெருப் பொன்னுரங்கம் கட்டையை ஓங்கினான். அவன் நெற்றியில், போன திருவிழாவில் செங்கோடன் அடித்த அடியின் தழும்பு தெரிந்தது.

“ஏப்பா, அது இன்னும் வலிக்குதா?” என்று செங்கோடன் வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

ஓங்கிய கட்டை அப்படியே நின்றது. “மழை வந்தா விண்ணு விண்ணுங்குதுங்கண்ணா,” என்றான் பொன்னுரங்கம், டாக்டரிடம் சொல்வதுபோல.

செங்கோடன் தன் கட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊசி போட்ட இடத்தை நன்றியோடு தடவிக்கொடுத்தார்.