படிக்கு எடுத்த அளவு

"என்னம்மா, இந்தக் கேட்டும் பத்தலையா?"

கடைக்காரர் போனில் சிரித்தே விட்டார். "உங்க வீட்டுக்காரர் நிஜமாவே டெய்லர்தானா?"

அவளுக்கு மானம் போயிற்று. ஊரில் இருக்கிற இடுப்புக்கெல்லாம் நூல் பிசகாமல் அளவெடுக்கிற மனுஷன். சொந்த வீட்டு மாடிப்படியில் பிள்ளை விழாமல் இருக்க ஒரு கேட்டுக்கு அளவெடுக்கத் துப்பில்லை. முதல் கேட் இரண்டு இன்ச் குட்டை. அடுத்தது உள்ளேயே நுழையவில்லை. இது மூன்றாவது.

படியும் லேசுப்பட்டதல்ல. ஒரு பக்கம் சுவர், அதன் அடியில் புடைத்த மரப்பட்டை. மறுபக்கம் வழவழவென்று உருண்டைக் கம்பம். தவழ ஆரம்பித்த பிள்ளைக்கோ உலகத்தில் போக வேறு இடமே தெரியவில்லை.

அதனால் படியின் மேல்முனையில் நாளெல்லாம் நாத்தனார்தான் காவல். பிள்ளை பிறந்தபோது பத்து நாள் ஒத்தாசைக்கென்று வந்த ஒண்டிக்கட்டை. பத்து மாதமாகியும் பெட்டியைக் கட்டவில்லை.

"பாவம் அண்ணி, எத்தனை நாளைக்கு இப்படி உட்காருவாங்க? கேட் வந்துட்டா நிம்மதியா அவங்க வாடகை ரூமுக்கே திரும்பிப் போகலாம்" என்று புருஷனிடம் அடிக்கடி உருகுவாள். அந்த உருக்கம் யாருக்காக என்று அவளுக்கே தெரியும். ஒரே உறையில் இரண்டு கத்தியா?

"அடுத்த தடவை சரியா எடுக்கறேன்" என்பான் டெய்லர்.

இனி இவரை நம்பிப் பிரயோஜனமில்லை என்று தானே டேப் எடுக்கப் போனாள். கட்டிங் மேஜை டிராயரில் டேப்புக்கு அடியில் அவனுடைய அளவு நோட்டு. சும்மா புரட்டினாள். இரண்டு ஜாக்கெட் அளவுக்கு நடுவே, மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியில் எழுதியிருந்தது.

'மாடிப்படி. மேலே முப்பத்தொண்ணே கால். பட்டைகிட்ட முப்பதரை. உருண்டைக் கம்பத்துக்குத் தனி கிளாம்ப் வேணும்.'

அடப்பாவி மனுஷா.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைக் கிறுக்கி ஆக்கினீங்களா?"

அவன் மெஷின் பெடலை நிறுத்தினான். "கேட் வந்தா அக்காவை அனுப்பிடுவே."

"அவங்களுக்குத்தான் ரூம் இருக்கே?"

"எங்க இருக்கு? பிள்ளை பிறந்த மாசமே காலி பண்ணிடுச்சு. இங்கேயே இருக்கட்டுமான்னு உன்கிட்ட கேட்க அதுக்கு வாய் வரலை. எனக்கும் வரலை."

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதமாக அவள் தூங்கிய மதியத் தூக்கமெல்லாம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தவளின் தயவு. வெட்கமாக இருந்தது. நோட்டைப் பார்த்தே கடைக்குப் போன் செய்து அளவைச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் வந்து மாட்டினார். கேட் கச்சிதமாக உட்கார்ந்தது. டெய்லர் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் பெட்டியோடு அறையிலிருந்து வந்தாள். "அப்ப நான் கிளம்பறேம்மா. இனி எனக்கு இங்க என்ன வேலை?"

"நல்லா கிளம்பினீங்க போங்க. இந்தத் தாழ்ப்பாளை என்னால திறக்கவே முடியலை அண்ணி. நீங்க கொஞ்சம் பாருங்க."

நாத்தனார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ப்பாளை அழுத்தித் தூக்கினாள். திறந்துகொண்டது.

"பாத்தீங்களா, உங்க கைக்குத்தான் அடங்குது. நீங்க போயிட்டா நானும் பிள்ளையும் மாடியிலேயே கிடக்க வேண்டியதுதான்."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, அவங்க வர்றதுக்கு முன்னாடி நீங்கதானே ஒத்தை விரல்ல நாலு தடவை திறந்து பார்த்தீங்க?"