துருவைப் போர்த்திய அண்ணன்

மூன்று மழைக்காலமாக வேப்பமரத்தடியில் நின்ற கார் அது. சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் அதன் பிரேக் காலிப்பருக்குள் அண்ணன் தம்பியாக இரண்டு பிஸ்டன்கள். அண்ணன் துருவைப் போர்த்திக்கொண்டு, கடலடியில் கிடக்கும் முத்தாகத் தன்னைக் கனவு கண்டுகொண்டிருந்தான். குறட்டையை நானே கேட்டேன், நான் பொய் சொல்வேனா?

கார்க்காரர் தேவசகாயம் காலிப்பரைக் கழற்றி, ஆயில் குழாயோடு தொங்கவிட்டார். "ரெண்டும் வெளிய வரலேன்னா காயலான் கடைதான்," என்று பிரேக்கை மிதித்தார். பிரேக் ஆயில் அலைபோல வந்து இருவரையும் முட்டியது. தம்பி நகர்ந்தான். அண்ணன் அசையவில்லை.

"எனக்கும் சேர்த்து நீயே போடா," என்று முனகினான்.

"இத்தனை வருஷமா அதைத்தானே செய்யறேன்!"

தேவசகாயம் தம்பியை மட்டும் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு மறுபடி மிதித்தார். வேறு போக்கிடமில்லாத ஆயில் முழுவதும் அண்ணன் முதுகில் சாய்ந்தது.

"டேய், தள்ளுதுடா! நீ போயேன்!"

"என்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்கண்ணா."

கனவுக்கடல் மெல்ல வற்றியது. டப்பென்று வெளியே விழுந்த அண்ணன், வெயிலில் கண்ணைச் சிமிட்டியபடி தம்பியைப் பார்த்தான்.

"பாத்தியாடா, கடைசியில நான்தான் வரவேண்டியிருக்கு. நீ என்ன, சும்மா நின்னுட்டிருக்கே?"