வாடிய சோளம்

மாட்டுத் தீவனத்துக்கு விதைத்த சோளம் மழையில்லாமல் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. பூ எடுக்குமுன் அப்படி வாடிய பயிரைத் தின்றால் மாட்டுக்கு விஷம் என்பது ராக்கியப்பனுக்குத் தெரியும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியின் ஒற்றைப் பசு வேலி தாண்டும்போதெல்லாம் ஊர் கேட்க வைது, கல்லெடுத்து வீசித் துரத்துகிறவன், இன்று அது உள்ளே இறங்கியதைப் பார்த்துக்கொண்டு வேப்ப நிழலிலேயே உட்கார்ந்திருந்தான். தம்பி மனைவி வளர்மதி பனியன் கம்பெனி வேலையை விட்டு இந்த வருடம்தான் காட்டு வேலைக்கு வந்தவள். ஓடிவந்து, வசவுக்குத் தயாராகத் தலைகுனிந்து நின்றாள்.

"ஓட்டிட்டுப் போயிரட்டுங்களா மாமா?"

"வந்தது வந்திருச்சு. மேயட்டும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு ஓடி ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தாள்.

"இவ பால்ல கடைஞ்சதுங்க. நீங்க மேயவிட்டீங்கன்னா உங்க தம்பி நம்பவே மாட்டாருங்க."

அவன் சொம்பை இரண்டு கைகளாலும் வாங்கினான். அவள் முதுகுக்குப் பின்னால் பசு மேய்வதை நிறுத்தியிருந்தது. அதன் வாயோரம் நுரை கட்டியிருந்தது, முன்னங்கால்கள் நடுங்கின.

"குடிங்க மாமா," என்றாள், அவன் முகத்தையே பார்த்தபடி.