இன்றைக்கு வந்த இலை

“நீங்க கூப்புடுங்க, வருவா” என்றாள் வெங்கடலட்சுமி, மூன்றாவது தடவையாக.

“இன்னாமே பேசற? நாளன்னிக்குக் கல்யாணம். அவ கடல் தாண்டி ஹைஃபாவுல கீறா. நான் கூப்ட்டா ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துருவாளா?” என்று எரிந்து விழுந்தார் புருஷோத்தமன்.

வாசலில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சின்ன மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்கு நாகலாபுரமே வரப்போகிறது. பெரியவள் கன்னிகா மட்டும்தான் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அவள், பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கும் திருப்பதியில் டீச்சர். கல்லூரித் தோழிகளோடு பழகி பஹாய் சமயத்தில் சேர்ந்தவள், திடீரென்று ஒருநாள், இஸ்ரேலில், ஹைஃபாவில் இருக்கும் பஹாய் தோட்டத்தில் சேவை செய்யப் போகிறேன் என்று வந்து நின்றாள்.

“இருக்கற வேலைய உட்டுட்டு எந்த ஊருக்கோ போய் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா? போ! நானா வான்னு கூப்புடற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்காத” என்று கத்தினார் இவர்.

“செரி நைனா” என்று கிளம்பியவள்தான். பிடிவாதத்தில் அப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

ஊரில் யாராவது விசாரித்தால், “மலைமேல சேவையில கீறா” என்று சொல்லிவைத்தார் புருஷோத்தமன். அந்தத் தோட்டமும் ஒரு மலைச்சரிவில்தான் இருக்கிறது என்பதால் அது பொய்யும் இல்லை. கேட்டவர்கள் திருமலை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தரிசன டிக்கெட் கிடைக்குமா என்றுகூட இரண்டு பேர் வந்து கேட்டார்கள். அவர் யாரையும் திருத்தவில்லை.

கன்னிகா பேசுவது அம்மாவிடம் மட்டும். அப்பாவுக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். பென்சிலால் வரைந்த செடியோ மரமோ இருக்கும், கூட ஒரு வார்த்தை இருக்காது. ஒலிவ மரம், மாதுளைப்பூ, அடுக்கடுக்காக இறங்கும் தோட்டம் என்று எல்லாமே கண்ணெதிரே இருப்பவைதான். ஞாபகத்திலிருந்து ஒரு கோடு இழுக்கமாட்டாள். இவரும் பதில் போட்டதில்லை. ஆனால் எழுநூறு படங்களில் ஒன்றைக்கூட அழித்ததுமில்லை.

“தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னிக்கு இன்னா அனுப்பிக்கிறா பாரு” என்று போனை நீட்டினார். “மூணு மூணா எல. வட்டமா ஒரு காய். அடியில கல்லுப்படி. ஒரு வாழ்த்து கெடையாது, ஒண்ணு கெடையாது!”

வெங்கடலட்சுமி போனை வாங்கி, படத்தை விரலால் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

“கன்னிகா நைனா, கூப்ட்டாலும் வரமாட்டான்னுதான சொல்றீங்க? அப்போ கூப்புடறதுல உங்களுக்கு இன்னா கொறஞ்சிபூடும்?”

கூப்பிட்டும் அவள் வராமல் போய்விட்டால் அவர் தாங்கமாட்டார். இரண்டு வருஷமாக அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது கோபம் இல்லை, அந்தப் பயம்தான்.

போனைப் பிடுங்கி, வாய்க்கருகில் வைத்துக்கொண்டார்.

“கன்னிகா… நைனா பேசறேன். நீ இல்லாத எனக்கு இந்தப் பந்தலே பந்தலா தெரியலம்மா. வந்துரு.”

விரலை எடுத்தார். அடுத்த நொடியே இரண்டு நீலக் கோடு விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டுட்டா. பாவம், அவ்ளோ தூரத்துல ஒண்டியா ஒக்காந்து அழுவப்போறா. நான் ஒரு மாசம் முன்னாடியே கூப்ட்டிருக்கணும்.”

வெங்கடலட்சுமி கண் கலங்கவில்லை. உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். “தேனு, ஒலையில இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி சேத்துப் போடு. அக்கா மத்தியானம் சோத்துக்கு வந்துருவா.”

“உனக்கு இன்னா பைத்தியமா?”

அவள் காலையில் வந்த படத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“ஃபாரஸ்ட் நர்சரியில பதினாலு வருசம் கவர்ல மண்ணு ரொப்பி வளத்தவ நான், இந்த எலை எனக்குத் தெரியாதா? செம்மரம். நம்ம பக்கத்து மலைய உட்டா வேற எங்கயும் தானா மொளைக்காது. இந்தக் கல்லுப்படியப் பாருங்க, மஞ்சக் குங்குமம் வெச்சிக்கிது. நீங்க ஊருக்கெல்லாம் சொன்னது நிசமாவே பூட்ச்சி. உங்க பொண்ணு அலிபிரியில, நம்ம திருமலைக்கு ஏறற படியாண்ட ஒக்காந்துகினு, நீங்க எப்ப கூப்புடுவீங்கன்னு காத்துக்கினு கீறா!”