தின்னவனுக்குத் தெரியும்

கானா நாட்டு நவ்ரோங்கோவில், கால்நடை அலுவலகத்துச் சுவரில் வைத்தியர் கச்சானா ஒரு பட்டியல் ஒட்டி வைத்திருந்தாள். நாய், பூனைக்கு வைத்தியம் சொல்லும் இணையப் பக்கங்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ‘இருபது கிலோ நாய், புழு மாத்திரை எத்தனை?’ என்று தானே கேட்டுப் பார்த்து, சரியாகச் சொன்னதற்குப் பச்சை, உளறியதற்குச் சிவப்பு போட்டிருந்தாள். அடியில் கொட்டை எழுத்தில்: ‘சந்தேகமா? போனைக் கேட்காதே, என்னைக் கேள்.’

அன்றைக்குக் கேட்க வந்தவன் அவெவோரா. அவனிடம் நாயே கிடையாது.

“மேடம், ஒரு பக்கம் ரெண்டு மாத்திரைங்குது, இன்னொன்னு ஒன்னே போதும்ங்குது. எதை நம்புறது?”

“ரெண்டுதான் சரி. அந்த இன்னொன்னு பவுண்டு கணக்கு, சொல்லாமலே கணக்குப் போடும். அதான் சிவப்பு. யாரு நாய்க்குப்பா?”

“சொந்தக்காரர் நாய்.” அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தான். “எத்தனைக்கு மேல போனா நாய் தாங்காது மேடம்? அதை மட்டும் ஒரு பக்கமும் தெளிவா சொல்ல மாட்டேங்குது.”

கச்சானாவுக்குச் சுருக்கென்றது.

“கறி உருண்டைக்குள்ள வச்சா வாசனை தெரியாதுல்ல? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னே போட்டுடலாமா?”

வேலி என்றதும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவெவோராவின் வேலிக்கு அந்தப் பக்கம் அபியூவின் வீடு. அபியூவின் நாயை ஊருக்கே தெரியும். அதன் பெயர், ‘தின்னவனுக்குத் தெரியும்.’

பக்கத்து வீட்டுக்காரனை ஏச இந்த ஊரில் வாய் எதற்கு, நாய் இருக்கிறதே. போன மழைக்காலத்தில் அபியூவின் கினிக்கோழிகள் நான்கு காணாமல் போயின. அவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு குட்டியை வாங்கி வந்து இந்தப் பெயரை வைத்தான். விடிந்தால் போதும், வேலியோரம் நின்று, “தின்னவனுக்குத் தெரியும், இங்க வா” என்று ஏழு வீட்டுக்குக் கேட்கக் கூப்பிடுவான். அவெவோரா வாயைத் திறக்க முடியாது. திறந்தால், ‘நாயைத்தானே கூப்பிட்டேன், உனக்கு ஏன் குத்துது?’ என்பான்.

ஆக, பயல் நாயைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறான். அதுவும் விஷம் வாங்காமல், மருந்தையே அளவு மீறிக் கொடுத்து. என்ன சாமர்த்தியம் பார் என்று கச்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முகத்தில் காட்டிக்கொள்ளாமல், அவன் வாங்கி வைத்திருந்த புழு மாத்திரையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, “உன் மாத்திரை பழைய சரக்கு. இதை எடுத்துட்டுப் போ. ஆறு போனா எந்த நாயும் தாங்காது” என்று சொல்லி, வைட்டமின் மாத்திரைகள் ஆறைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் மாலை கச்சானாவும் அபியூவும் கம்பந்தட்டைப் போருக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். சொன்னபடியே வேலிக்கு மேலாக ஒரு கை நீண்டது. கறி உருண்டை வந்து விழுந்தது. அபியூ ஒரே பாய்ச்சலில் அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

“கொலைகாரா, வாயில்லா ஜீவன்டா அது.”

கச்சானா உருண்டையைப் பிய்த்துப் பார்த்தாள். ஆறு இல்லை. இரண்டே இரண்டு மாத்திரை.

“ரெண்டுதான் சரின்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?” என்றான் அவெவோரா. “ஒரு வாரமா நாய் இளைச்சுக்கிட்டே போகுது, கழிச்சல்ல புழு நெளியுது. இவனுக்குக் கூப்பிடத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது.”

கச்சானாவுக்கு முகம் செத்துவிட்டது. “அது வைட்டமின் மாத்திரைப்பா.”

“நல்லா இருக்கே. போனைக் கேட்காதே, என்னைக் கேளுன்னு எழுதி வச்சிருக்கீங்க. பச்சை போட்ட பக்கமெல்லாம் உண்மையைச் சொல்லிச்சு, பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான்.”

அபியூவின் பிடி தளர்ந்தது. “ஏம்ப்பா, ஒரு வருஷமா உன்னை இந்தப் பேரை வச்சே குத்திக் காட்டியிருக்கேன். இதைப் பிழைக்க வைக்க நீ ஏன்யா பாடுபடுறே?”

அவெவோரா அலுப்போடு வேலியில் சாய்ந்தான். “இது செத்தா நீ சும்மா இருப்பியா? வேற குட்டி வாங்குவே, வேற பேரு வைப்பே. இதாவது கோழியோட நிக்குது. அடுத்தது அந்த ஆட்டைப் பத்தித்தான் இருக்கும்.”

“எந்த ஆடு?” என்றான் அபியூ.

கச்சானா கொடுத்த நிஜ மாத்திரை இரண்டில் நாய் மூன்றாம் நாள் தெம்பாகிவிட்டது. அன்று சந்தை நாள். அபியூ காலையிலேயே கிளம்பிப் போய்விட்டு மத்தியானம் முனகும் கூடை ஒன்றோடு திரும்பினான்.

மறுநாள் விடிந்ததும் வேலியோரம் அவன் குரல் கேட்டது: “தின்னவனுக்குத் தெரியும், இங்க வா. எந்த ஆடு, நீயும் வா.”